அந்த நிலா தேயவில்லை: புறநானூறு 112-ஐ வாசிக்கும் வழி

கேள்வி இதுதான்: ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கும் புறநானூற்றுப் பாடல் அதிகாரத்தின் நிலையாமையைச் சொல்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வருகிறோம். ஐந்தே அடிகள். அதில் இதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அந்த நிலா எதற்காக வருகிறது?

முதலில் பாடலைக் கண்முன் வைத்துக்கொள்வோம்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

பொருள் சொல்ல அகராதி வேண்டியதில்லை. அந்தத் திங்களில், அந்த வெண்ணிலவில், எங்கள் தந்தை எங்களுக்கு இருந்தார். எங்கள் மலையையும் பிறர் கொள்ளவில்லை. இந்தத் திங்களில், இந்த வெண்ணிலவில், வென்று முரசறையும் வேந்தர்கள் எங்கள் மலையைக் கொண்டுவிட்டார்கள். எங்களுக்குத் தந்தையும் இல்லை. பாடியவர்கள் பறம்பு மலையை ஆண்ட பாரியின் மகளிர் என்கிறது பாடலின் அடிக்குறிப்பு. திணை பொதுவியல், துறை கையறுநிலை, அதாவது இறந்தவரை நினைத்து எஞ்சியவர் புலம்புவது.

‘நிலையாமை’ என்ற விடை தேர்வுத்தாளுக்குப் போதும். ஆனால் அது பாடலைச் சற்று அதிகமாகவே சாதுவாக்கிவிடுகிறது என்பது என் கருத்து. செல்வம் நில்லாது, ஆட்சி நில்லாது, உடம்பு நில்லாது என்று சொல்லிவிட்டால் யார்மீதும் பழி இல்லை. காலம் செய்தது, விதி செய்தது என்று பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். இந்தப் பாட்டு அப்படிப் போகவிடவில்லை. இதில் அதிகாரம் தானாக மங்கவில்லை; பாரி ஒருவரிடமிருந்து சேர, சோழ, பாண்டியர் மூவர் பறித்தார்கள். பறித்தவர்கள் பாட்டுக்குள்ளேயே முரசறைந்தபடி நிற்கிறார்கள்.

நிலாவிலிருந்தே தொடங்கலாம். நிலையாமையைச் சொல்ல நிலா வேண்டுமென்றால் சங்கப் புலவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று நன்றாகவே தெரியும். புறநானூறு 27-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியிடம் இப்படிச் சொல்கிறார்: ‘தேய்தல் உண்மையும், பெருகல் உண்மையும், மாய்தல் உண்மையும், பிறத்தல் உண்மையும் அறியாதோரையும் அறியக் காட்டித் திங்கட் புத்தேள் திரிதரும் உலகத்து.’ தேய்வும் வளர்ச்சியும் உண்டு என்பதை ஒன்றும் அறியாதவனுக்கும் வானத்திலிருந்தே பாடம் நடத்துகிறது அந்த நிலா. அரசனே, நீயும் தேய்வாய், ஆகவே இருக்கும்போதே கொடு என்று அறிவுரை தொடர்கிறது.

112-ஆம் பாட்டின் நிலா இதற்கு நேர் எதிர். அது தேயவில்லை. அன்றும் வெண்ணிலவு, இன்றும் வெண்ணிலவு. முதல் அடியும் மூன்றாம் அடியும் இரண்டே எழுத்துகளில்தான் வேறுபடுகின்றன. ‘அ’ இருந்த இடங்களில் ‘இ’ வந்திருக்கிறது, அவ்வளவே. இயற்கையின் பக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்பதை இதைவிடக் குறைந்த செலவில் சொல்ல முடியாது. பிறை வளர்ந்து தேய்வதுபோல் ஆட்சியும் வளர்ந்து தேயும் என்று மேடையில் இந்தப் பாட்டை உருக்கமாக விளக்குகிறவர்கள் உண்டு. பாட்டில் இல்லாத தேய்பிறையை அவர்கள்தான் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

அடுத்து வினைச்சொற்களைப் பாருங்கள். பாட்டில் நான்கு முற்றுவினைகள்: உடையேம், கொளார், கொண்டார், இலமே. ‘உடையேம்’ குறிப்புவினை, அது காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. ‘கொளார்’ எதிர்மறை வினை. அதிலும் இறந்தகால இடைநிலை இல்லை. ‘இலமே’ மறுபடியும் குறிப்புவினை. இறந்த காலத்தை உறுப்பாகவே தாங்கி நிற்கும் முற்று ஒன்றே ஒன்றுதான்: கொண்டார். ‘தந்தை இருந்தார்’ என்று நாம் உரையில் இறந்தகாலம் போட்டுச் சொல்கிறோம். அந்தப் பெண்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்த நிலவில் தந்தையை உடையோம், மலையைப் பிறர் கொள்ளார் என்கிறார்கள். நடந்து முடிந்த செயலாகப் பாட்டில் பதிவாகியிருப்பது வேந்தர்கள் செய்தது மட்டுமே.

வரிசையும் தலைகீழாகிறது. அன்று: முதலில் தந்தை, பிறகு குன்று. இன்று: முதலில் குன்று, பிறகு தந்தை. எந்த வீட்டிலும் இழவு சொல்லும்போது ஆள் போனதைத்தான் முதலில் சொல்வார்கள், சொத்து போனதைப் பிறகு. இங்கே மலை போன செய்தியைச் சொல்லி முடித்த பிறகுதான் ‘யாம் எந்தையும் இலமே’ வருகிறது. சொல்ல முடியாததைக் கடைசிவரை தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அப்போதும் ‘கொன்றார்’ என்ற சொல் வாயில் வரவில்லை. வேந்தர்கள் என்ன செய்தார்கள்? குன்றைக் கொண்டார்கள். நாங்கள்? தந்தை இல்லாதவர்கள். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைக் கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

யாப்பிலும் ஒன்று கவனிக்க வேண்டும். இது நேரிசை ஆசிரியப்பா. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மூன்று சீராக வரும். ஆகவே நான்காம் அடி ‘வென்றெறி முரசின் வேந்தர்எம்’ என்று குறுகி நின்றுவிடுகிறது. இரண்டாம் அடியில் ‘எம் குன்றும்’ ஒரே அடிக்குள் சேர்ந்திருந்தது. இப்போது ‘எம்’ நான்காம் அடியின் கடைசியில், வேந்தரை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ‘குன்றும்’ அடுத்த அடிக்குப் போய்விட்டது. எங்கள் குன்று என்ற உறவு அடிமுறிவில் அறுந்திருக்கிறது. திட்டமிட்டு அமைத்ததா, யாப்பு தானாகத் தந்ததா என்று கேட்டால் எனக்கு அதில் அக்கறையில்லை. வாய்விட்டுப் படித்தால் அந்த இடத்தில் குரல் தடுக்கும், அது போதும்.

இனி ‘வென்றெறி முரசின் வேந்தர்’. முதல் வாசிப்பில் இது புகழ்ச்சி அடைமொழி போலத்தான் இருக்கும். புறநானூற்றின் பழைய உரைகாரர் இதை இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார். மூவர் ஒன்றுகூடியும் போரில் வெல்ல முடியாமல் வஞ்சனையால் முடித்தவர்களுக்கு வெற்றி முரசு ஒரு கேடா என்பது அதன் உட்பொருள். உரைகாரர் சொல்வதற்காக மட்டும் இதை நான் ஏற்கவில்லை. 112-ஐத் தனியாகப் படித்தால் இந்தக் கசப்பு காதில் விழாது. 109-லிருந்து தொடர்ந்து படித்தால் விழாமல் போகாது.

109-இல் பாரியின் தோழரான புலவர் கபிலர், பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தர்களைப் பார்த்துப் பேசுகிறார். ‘நளிகொள் முரசின் மூவிரும் முற்றினும்’ என்று அங்கேயே முரசு வந்துவிடுகிறது. நீங்கள் மூன்று பேரும் வளைத்துக்கொண்டாலும் உழவர் உழாமலே இந்த மலையில் நான்கு விளைபொருள்கள் உண்டு: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். உங்கள் முயற்சியால் இதைக் கொள்ள முடியாது. வாளுக்குப் பயந்து அவன் தரமாட்டான். இதை அடையும் வழி எனக்குத் தெரியும். யாழ் மீட்டிக்கொண்டு, விறலியர் பின்னே வர, ஆடிப் பாடிக்கொண்டு போங்கள்; நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான்! முடியுடை வேந்தர்களைப் பார்த்துப் பிச்சை கேட்டால் கிடைக்கும் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். 111-இல் அதையே இன்னும் சுருக்கிச் சொல்கிறார்: வேலால் வெல்வது வேந்தர்க்கு அரிது, கிணைமகள் ஒருத்தி பாடிக்கொண்டு வந்தால் எளிது.

இந்த இகழ்ச்சிகள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த எண்ணில் ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்று வருகிறது. அறிந்தே அடுக்கினார்களோ என்று தோன்றும்படி அமைந்த வரிசை.

இடையில் உள்ள 110-ஆம் பாட்டுக்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் தருவேன். ‘முந்நூறு ஊர்த்தே தண்பறம்பு நன்னாடு, முந்நூறு ஊரும் பரிசிலர் பெற்றனர், யாமும் பாரியும் உளமே, குன்றும் உண்டு, நீர் பாடினிர் செலினே.’ பறம்பு நாட்டில் மொத்தம் முந்நூறு ஊர்கள். முந்நூற்றையும் பரிசிலர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது நானும் பாரியும், பிறகு ஒரு குன்று.

அதிகாரம் என்றால் சேர்த்து வைப்பது என்று எண்ணும் வேந்தர்களுக்கு இது புரியாத கணக்கு. பாரியின் அதிகாரம் சேர்த்ததில் இல்லை, கொடுத்ததில் இருந்தது. அவன் நாடு முற்றுகைக்கு முன்பே கைமாறிவிட்டது, அதுவும் அவன் விருப்பத்தோடு. மூவேந்தரும் படை திரட்டி வந்து கைப்பற்றியது கொடுத்தது போக மீந்திருந்ததைத்தான். 110-இல் கபிலர் எண்ணிக் காட்டிய மிச்சத்தில் கபிலரைத் தவிர்த்தால் இருப்பவை இரண்டு: பாரி, குன்று. 112-இல் அந்தப் பெண்கள் இழந்ததாகச் சொல்பவையும் அதே இரண்டு: எந்தை, குன்று. அரண்மனை, படை, முடி, கொடி எதுவும் பாட்டில் வராததற்குக் காரணம் அடக்கம் இல்லை. சொல்வதற்கு வேறொன்றும் மிச்சமில்லை.

சில வரலாற்றுக் கேள்விகளை விரைவாக முடித்துவிடுகிறேன். பாரி கொல்லப்பட்ட விதம் சங்கப் பாடல்களில் விவரிக்கப்படவில்லை. பாணர் வேடத்தில் வந்து கொன்றார்கள் என்பது 109-ஆம் பாட்டின் இகழ்ச்சியை ஒட்டி வளர்ந்த கதையாகத் தோன்றுகிறது. மூவேந்தர் யார் யார் என்றும் பாடல்கள் பெயர் சொல்லவில்லை. பாரி மகளிருக்கு வழங்கும் அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால மரபில் வந்தவை. பறம்பு மலை இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பது பரவலான கருத்து. ‘ஒரே மாதத்தில் எல்லாம் போய்விட்டது’ என்று பலர் எழுதுகிறார்கள். பாட்டு சொல்வது அந்தத் திங்கள், இந்தத் திங்கள் என்பது மட்டுமே. இடையில் கடந்தது ஒரு மாதமா, பல மாதங்களா என்று பாட்டு எண்ணிச் சொல்லவில்லை.

இழப்பு என்றால் நாள்தோறும் எப்படி இருக்கும் என்று அறிய 116-ஐப் படிக்க வேண்டும். பாடியவர் கபிலர். பாரி மகளிர் இப்போது ஒரு சிறு வீட்டில் இருக்கிறார்கள். முள்வேலி, பஞ்சு பரந்த முற்றம், பீர்க்கும் சுரையும் படர்ந்த பக்கங்கள். ஈச்ச இலைகள் கிடக்கும் குப்பைமேட்டில் ஏறி நின்று, தெருவில் போகும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். ‘ஈத்திலைக் குப்பை ஏறி, உமணர் உப்புஒய் ஒழுகை எண்ணுப மாதோ’ என்று சொல்லிவிட்டு, ‘நோகோ யானே, தேய்கமா காலை’ என்கிறார். என் வாழ்நாள் தேய்ந்து ஒழியட்டும் என்று. இவ்வளவும் கண்டவர் சொல்லக்கூடியது. ஆனால் கபிலர் இதோடு நிற்கவில்லை. இதே பெண்கள் முன்பு என்ன எண்ணினார்கள் என்பதைப் பாட்டின் கடைசியில் வைக்கிறார். மயில் ஆடும், குரங்கு தாவும், குரங்கும் தின்று தீர்க்காத அளவுக்குப் பருவம் தப்பியும் பழுக்கும் மலையின் உச்சியில் ஏறி நின்று, தங்கள் தந்தையின் அருமை அறியாமல் போருக்கு வந்த வேந்தர்களின் பொன்னணிந்த குதிரைகளை எண்ணினார்கள்! ‘பொலம்படைக் கலிமா எண்ணுவோரே.’

எண்ணும் பழக்கம் போகவில்லை. எண்ணுவதற்கு மலை போய்க் குப்பைமேடு வந்திருக்கிறது, குதிரை போய் உப்பு வண்டி வந்திருக்கிறது. முற்றுகைக் காலத்தில் எதிரியின் குதிரைகளை விளையாட்டாக எண்ணிக்கொண்டிருந்த சிறுமிகள் என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. தந்தை தோற்பார் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. 112-இல் ‘பிறர் கொளார்’ என்று வரும் அந்த உறுதியான எதிர்மறைக்குப் பின்னால் இருப்பது இந்த நம்பிக்கை.

118-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறையும் குன்றும் சேரும் இடத்தில், எட்டாம் நாள் பிறை போல வளைந்த கரையை உடைய சிறு குளம் ஒன்று, காப்பார் இல்லாமல் உடைகிறது. பாரியின் பறம்பு நாட்டின் அழிவைக் கபிலர் காட்டும் விதம் இது. இங்கேயும் திங்கள் வருகிறது, ஆனால் குளக்கரையின் வடிவமாக. கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் குளம் உடையும். ஆட்சி போனது என்பதற்குக் கிராமத்து அளவில் அதுதான் அடையாளம்.

இப்போது ஒப்பீடு. சிலர் இந்தப் பாட்டை ஷெல்லியின் ‘ஒசிமாண்டியஸ்’ கவிதையோடு சேர்த்துப் பேசுவார்கள். 1818-இல் வெளிவந்த அந்தப் பதினான்கு வரிக் கவிதையில், பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு பேரரசனின் சிலையை ஒரு பயணி பார்த்துவந்து சொல்கிறான். என் சாதனைகளைப் பார்த்து நடுங்குங்கள் என்று பீடத்தில் எழுதியிருக்கிறது. சுற்றிலும் மணல் மட்டுமே. அருமையான கவிதைதான். ஆனால் அங்கே அழித்தது காலம். பார்ப்பவனுக்கு அந்த அரசன் யாரோ ஒருவன். எவரும் எதையும் இழந்து அழவில்லை, ஆணவம் மண்ணானதில் நமக்கு ஒரு திருப்தியும் உண்டு. பாரி மகளிர் பாட்டில் அந்தத் திருப்திக்கு இடமே கிடையாது.

ஷெல்லிக்கு இணை தேடுவதென்றால் புறநானூறு 363 பொருத்தமானது. ஐயாதிச் சிறுவெண்தேரையார் பாடியது, துறை பெருங்காஞ்சி. கடல் சூழ்ந்த இந்த நிலத்தைப் பிறருக்கு இடமின்றித் தாமே ஆண்டவர்கள் ‘இடுதிரை மணலினும் பலரே’. அத்தனை பேரும் சுடுகாட்டை ஊராகக் கொண்டு, தங்கள் நாட்டைப் பிறர் கொள்ளச் சென்று மாய்ந்தார்கள். அங்கேயும் ‘பிறர் கொள’ என்று வருகிறது. ஆனால் அந்தப் பிறர் யாராகவும் இருக்கலாம், இறந்தவர்களும் எண்ணிலடங்காதவர்கள். கள்ளி முளைத்த புறங்காடு, உப்பில்லாத சோறு, திரும்பிப் பார்க்காமல் படைக்கும் பலி என்று அந்தப் பாட்டு ஒவ்வொரு அரசனுக்கும் வரப்போகும் முடிவை விரிக்கிறது. அது உலகப் பொதுவான நிலையாமை. 112 ஒரு வீட்டின் வழக்கு.

எதிர்வாதம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் கையறுநிலையைக் காஞ்சித் திணைக்குள்தான் வைக்கிறது. காஞ்சி என்றாலே நிலையாமை. ஆகவே நிலையாமை என்று படிப்பதற்கு இலக்கண ஆதாரம் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். வகைப்பாடு சொல்வது பாட்டு எந்தச் சூழலில் பிறந்தது என்பதைத்தான்: இறந்தவரை நினைத்து எஞ்சியவர் புலம்புவது. அந்தப் புலம்பல் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதைப் பாட்டு தானே முடிவு செய்கிறது. இங்கே அது வானத்தை நோக்கித் திரும்பவில்லை.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் இல்லை என்பதற்குக் கபிலரே சாட்சி. பாரி இறந்தபின் அவன் மகளிருக்கு மணம் பேசி அவர் விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற குறுநில மன்னர்களிடம் போகிறார். 201-இல் இருங்கோவேளிடம் ‘யானே தந்தை தோழன், இவர் என் மகளிர், அந்தணன், புலவன், கொண்டுவந்தனனே’ என்று அறிமுகம் செய்கிறார். அவன் ஏற்கவில்லை என்பது 202-இன் சினத்திலிருந்து தெரிகிறது. அங்கே கபிலர் அவனுக்கு அவன் முன்னோரின் அரையம் என்ற ஊரைப் பற்றிய கதையைச் சொல்கிறார். கோடிக்கணக்கில் பொருள் தந்த பழைய ஊர் அது. அது ஏன் கெட்டது? விதி என்றோ, காலம் என்றோ அவர் சொல்லவில்லை. உன் முன்னோன் ஒருவன் கழாஅத்தலையார் என்ற புலவரை இகழ்ந்தான், அதன் பயன் என்கிறார். கபிலரின் உலகத்தில் ஒரு ஊர் அழிந்தால் அதற்கு ஒரு செயலும், அந்தச் செயலுக்கு ஒரு ஆளும் உண்டு. அவரோடு பறம்பிலிருந்து இறங்கி வந்த பெண்களும் அதே கணக்கில்தான் பேசுகிறார்கள்.

வகுப்பில் இதை நடத்துவதாக இருந்தால் 112-ஐ முதலில் சொல்லாதீர்கள். 109, 110 இரண்டையும் சிரித்துக்கொண்டே படிக்க வையுங்கள். கபிலரின் கிண்டல் மாணவர்களுக்குப் பிடிக்கும். அதன்பின் எந்த முன்னுரையும் இல்லாமல் 112. விளக்கம் கேட்டால் 116-ஐக் கொடுங்கள்.